கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

தலைக்கு எண்ணெய் வைக்காமல், முந்தின நாளே ஷாம்பு போட்டு அலசிவிட்டு வரச் சொல்லுவோம். அப்படியும் பாதிப்பேர் எண்ணெய் மினுங்கத்தான் வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளையை வறண்ட தலையோடு அனுப்ப எந்த அம்மாவுக்கு மனசு வரும்? நான் இ.இ.ஜி. டெக்னீசியன். மதுரைப் பக்கம் ஒரு நரம்பியல் பிரிவில் வேலை. தலையை நாடாவால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, தோலைத் தேய்த்து, பேஸ்ட் தடவி ஒவ்வொரு எலக்ட்ரோடாக ஒட்டுவேன். மூளையைப் பதிவு செய்கிற வேலை என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சரிதான். ஆனால் அந்தப் பதிவில் பாதி நேரம் நாங்கள் மல்லுக்கட்டுவது கண்ணோடு.

கருவிழியின் முன்பக்கம் நேர்மின் தன்மை உள்ளது. பின்னால் இருக்கிற விழித்திரை எதிர்மின் தன்மை உள்ளது. அதனால் கண் எந்தப் பக்கம் அசைந்தாலும் பக்கத்து எலக்ட்ரோடு அதை எழுதிவிடும். இமைக்கும்போது விழி லேசாக மேலே உருளும். நெற்றியில் ஒட்டிய இரண்டு எலக்ட்ரோடுகளிலும் கோடு கீழே இறங்கும். இடது பக்கம் பார்த்தால் இடது நெற்றிப்பொட்டருகே ஒரு வளைவு, வலது பொட்டருகே அதற்கு நேர்மாறு. இமை படபடவென்று அடித்துக்கொண்டால் நெற்றிக் கோடுகளில் வரிசையாக அலை விழும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது மூளையின் முன்பகுதியிலிருந்து கிளம்புகிற அலையாகவே தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் கண்ணுக்குக் கீழே கூடுதலாக ஒரு எலக்ட்ரோடு ஒட்டுகிறோம். மூளையின் அலை என்றால் கண்ணுக்கு மேலும் கீழும் கோடு ஒரே திசையில் போகும். விழியின் அசைவு என்றால் மேலே ஒரு திசை, கீழே எதிர்த்திசை. முகத்தில் ஒட்டினால் பிள்ளைகள் பிய்த்துப் போடுவார்கள் என்று இதைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. நான் தவிர்ப்பதில்லை. இந்த ஒரு எலக்ட்ரோடு இல்லாததால் வலிப்பு என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகள் எத்தனையோ பேருடைய பையில் மடிந்து கிடக்கின்றன.

"கண்ணு செருகிருச்சு", "கண்ணு மேல போயிருச்சு", "வெள்ள முழிதான் தெரிஞ்சுச்சு" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லும்போது அவர்கள் பார்த்தது ஒரே பயத்தைத்தான். எங்களுக்கு அதில் பல கதைகள் இருக்கலாம். வலிப்பாகவே இருக்கலாம். வாந்திக்குப் போட்ட மெட்டோகுளோபிரமைடு ஊசியால் சிலருக்குக் கழுத்து திருகி, விழி மேலே ஏறி நின்றுவிடும்; அதற்கான மாற்று ஊசி போட்டால் சீக்கிரமே இறங்கிவிடும். மாத்திரை அளவு மிஞ்சியதாக இருக்கலாம். அல்லது, நரம்பில் பழுதெதுவும் இல்லாமல், நரம்பை இயக்குகிற விதத்தில் வந்த தடுமாற்றமாக இருக்கலாம். டாக்டர்கள் 'ஃபங்ஷனல்' என்பது இந்தக் கடைசி வகையை. நான் எழுத வந்தது அதைப் பற்றி. அதிலும், வலிப்பு நோய் நிஜமாகவே இருக்கிறவர்களுக்கு மேற்கொண்டு இதுவும் வரும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

கை கால் வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பில் கண் திறந்தே இருக்கும். கண் பாப்பா விரிந்திருக்கும். பார்வை எதிலும் நிற்காது. வலிப்பு மூளையின் ஒரு பக்கத்தில் கிளம்பியிருந்தால், பரவுகிற நேரத்தில் தலையும் விழியும் எதிர்ப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பும். வலது பக்கம் கிளம்பினால் இடது பக்கம் திரும்பும். அந்த இழுப்பை யாரும் தானாகச் செய்துவிட முடியாது. ஃபங்ஷனல் வரவில் (இப்படி வந்து போவதை நாங்கள் 'வரவு' என்போம்) பெரும்பாலும் கண் மூடியிருக்கும். இறுக்கி மூடியிருக்கும், அல்லது மூடிய இமை துடித்துக்கொண்டிருக்கும். திறக்கப் போனால் இமை எதிர்க்கும். அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வீடியோ இ.இ.ஜி.யில் பதிவான ஃபங்ஷனல் நோயாளிகள் 52 பேரில் 50 பேர் கண்ணை மூடியிருந்தார்கள். வலிப்பு நோயாளிகள் 156 பேரில் 152 பேருக்குக் கண் திறந்திருந்தது. ஒரு மருத்துவ அடையாளம் இவ்வளவு தெளிவாகப் பிரிவது அபூர்வம்.

ஆனால் அது கேமராவில் பார்த்த கணக்கு. வீட்டில் பார்த்தவர்களிடம் கேட்டு வாங்கிய பதிலை அப்படி நம்ப முடியாது. வலிப்பு முடிந்து அசந்து தூங்குகிற நேரத்தில்தான் அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள். கண் மூடியிருந்தது என்பார்கள். அது பொய்யில்லை, அவர்கள் பார்த்த நேரம் அது. அதனால் "கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?" என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. ஆரம்பத்தில் யார் பக்கத்தில் இருந்தது, அவர் அப்போது எங்கே நின்றார், முகம் தெரிந்ததா, எல்லாம் கேட்பேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளிச்சத்தில் கண்ணை மூடுகிற அந்த விநாடியில் இமை வெடவெடவென்று அடித்து, விழி மேலே ஏறுகிற ஒரு வலிப்பு வகை இருக்கிறது. 1977-இல் ஜீவன்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை விவரித்தார்; அவர் பெயரிலேயே வழங்குகிறது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைகளை 'கண்ணைச் சிமிட்டுற பழக்கத்த விடு' என்று அதட்டுவார்கள். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போவார்கள். இங்கே வந்து, கண்ணை மூடச் சொல்லி, மினுக்கு விளக்கைப் போட்ட உடனே பதிவில் கூர் அலைகள் கொத்துக் கொத்தாக விழும். இமை அடிப்பதைப் பார்த்த மாத்திரத்தில் ஃபங்ஷனல் என்று சொல்லிவிடுகிற அவசரக்காரர்களிடம் இந்தப் பிள்ளைகளைத்தான் நான் நினைவுபடுத்துவேன்.

வலிப்பும் ஃபங்ஷனல் வரவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று ஒரு காலத்தில் சொல்லுவார்கள். 2018-இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஃபங்ஷனல் வரவு உள்ளவர்களில் 100-க்கு ஏறக்குறைய 22 பேருக்கு வலிப்பு நோயும் இருந்தது. வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 12 பேருக்கு ஃபங்ஷனல் வரவும் இருந்தது. என் வார்டு அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. ஆகவே 'இதுவா அதுவா' என்று கேட்டுக்கொண்டு ஒருவரை அணுகுவதே தவறான ஆரம்பம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு வரவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றியிருக்கிறேன். கல்லூரியில் படிக்கிற பெண். சிறுவயதிலிருந்தே வலிப்பு, மாத்திரையில் ஓரளவு கட்டுப்பட்டிருந்தது. வீட்டில் நிச்சயதார்த்தப் பேச்சு எடுத்த சமயத்தில் வரவுகள் அதிகமாயின. கண் செருகுகிறது, இமை அடிக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஊரில் ஒரு கிளினிக்கில் ஃபெனிட்டோயின் அளவை ஏற்றினார்கள்.

ஃபெனிட்டோயின் சாதாரண மாத்திரை இல்லை. ஒரு அளவு வரைக்கும் ஈரல் அதைக் கரைத்துக்கொண்டே வரும். அதற்கு மேல் ஈரலின் திறன் நிறைந்துவிடும்; பிறகு கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் பல மடங்கு ஏறும். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் சரி. 20-ஐத் தாண்டினால் பக்கவாட்டில் பார்க்கும்போது விழி துள்ள ஆரம்பிக்கும். 30-ஐத் தாண்டினால் நடை தள்ளாடும். இவள் எங்களிடம் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விரலைக் காட்டி இடது பக்கம் பார்க்கச் சொன்னேன். விழி மெதுவாக நடுவுக்கு நழுவி, சட்டென்று இடது பக்கம் துள்ளியது. வலது பக்கமும் அப்படியே. அந்தத் துள்ளலையும் வலிப்பு என்று எழுதியிருந்த ஒரு சீட்டு அவள் ஃபைலில் இருந்தது. ஃபங்ஷனல் வரவுக்காக ஏற்றிய மருந்து, கண்ணில் புதிதாக ஒரு நிஜமான கோளாற்றை உண்டாக்கியிருந்தது. அதற்காக மருந்து இன்னும் ஏறியிருந்தது.

முதலில் மருந்தின் அளவை இறக்கினார்கள். நடை தேறியதும் வீடியோ இ.இ.ஜி. வார்டில் சேர்த்தோம். சுற்றிலும் கேமரா, தலையில் கட்டு, கையில் ஒரு பட்டன், கூடவே அம்மா. வரவு வந்தால் டெக்னீசியன் ஓட வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும். போர்வையை விலக்க வேண்டும். கேமராவை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

முதல் நாளே வரவு வந்தது. கண் மூடியிருந்தது, இமை துடித்தது, உடம்பு விறைத்திருந்தது. "மாம்பழம்" என்று சொன்னேன். மெல்ல இமையைத் தூக்கினேன், எதிர்ப்பு இருந்தது. விழி இரண்டும் கீழே, படுக்கைப் பக்கமாகத் தாழ்ந்திருந்தன. அவளை மறுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். விழி மறுபடியும் படுக்கைப் பக்கமே போனது. எந்தப் பக்கம் திருப்பினாலும் விழி தரையை நோக்கியே போகும் இந்த அடையாளத்தை 1978-இல் ஹென்றி, உட்ரஃப் என்ற இருவர் எழுதினார்கள். திரையில் அதற்குள் இன்னொன்று தெரிந்தது. தலையின் பின்பகுதிக் கோடுகளில் ஆல்பா அலை சீராக ஓடிக்கொண்டிருந்தது. விநாடிக்கு 8 முதல் 13 வரை வருகிற அலை அது. விழித்திருக்கிறவர் கண்ணை மூடினால் வருவது. 1929-இல் ஹான்ஸ் பெர்கர் உலகத்துக்குக் காட்டிய அலை. பெரிய வலிப்பில் நினைவு தப்பிய மூளை அதை எழுதாது.

வரவு தணிந்ததும் கேட்டேன். "மாம்பழம்னு சொன்னீங்கக்கா. எல்லாம் கேட்டுச்சு. கண்ணத் தொறக்கத்தான் முடியல" என்றாள். அழுதாள். நடிக்கிறவள் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நான் அப்போதே நினைத்தேன்.

பதிவைப் பார்த்த இளம் டாக்டர், காரணம் கிடைத்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி எப்போதும் மிச்சம் இருக்கும். பதிவை வீட்டாரிடம் போட்டுக் காட்டி, "வீட்ல வர்றது இதுதானா?" என்று கேட்பது எல்லா வார்டிலும் உண்டு. அடுத்த கேள்விதான் முக்கியம்: "வேற மாதிரியும் வருமா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "இது பகல்ல வர்றது சிஸ்டர். ராத்திரி வர்றது வேற. வாய மென்னுக்கிட்டே முழிச்சிப் பாத்துக்கிட்டு இருப்பா. அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம் இருக்காது. அதனால நாங்க அத பெருசா எடுத்துக்கல" என்றார்.

தலைமை டாக்டர் அவளை அனுப்பவில்லை. மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் காத்திருந்தோம். பின்னொரு இரவில் வந்தது. கண் அகல விரிந்து வெறித்தது. உதடு சப்பியது, வலது கை போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தது, இடது கை முறுக்கிக்கொண்டது. பிறகு தலையும் விழியும் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போயின. திரையில் வலது பொட்டுப் பகுதியில் ஆரம்பித்த அலை அடுக்கடுக்காகப் பரவியது. நான் சொன்ன வார்த்தை அவளுக்கு நினைவில்லை. நான் வந்ததே நினைவில்லை. முதல் பதிவோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால், 'மனசுதான் காரணம்' என்று மாத்திரையையும் நிறுத்தியிருப்பார்கள். ராத்திரி வருகிற அந்தச் சத்தமில்லாத வலிப்பு பெரிதாகி என்னவெல்லாம் செய்திருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

இன்னொரு வகைக் கண் அசைவைச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்தில் உள்ளதைப் படிக்கும்போது நம் இரண்டு விழியும் மூக்குப் பக்கமாகச் சேரும், பாப்பா சுருங்கும், கண்ணின் லென்ஸ் தடிக்கும். மூன்றும் சேர்ந்தே நடக்கும். சிலருக்கு இந்தச் சேர்க்கை வேண்டாத நேரத்தில் வந்து பிடித்துக்கொள்ளும். விழி உள்ளே போய் நிற்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், தூரம் மங்கும். கார்பமசெபின் சாப்பிட்டுவந்த ஓர் இளைஞருக்கு இப்படி வந்தது. அந்த மாத்திரையால் இரட்டையாகத் தெரிவதும் உண்டு என்பதால் முதலில் அதைச் சந்தேகப்பட்டார்கள். பிறகு, விழியை வெளிப்பக்கம் இழுக்கிற ஆறாவது நரம்பு செயலிழந்ததோ, மூளைக்குள் அழுத்தம் ஏறியதோ என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தார்கள். கிட்டப்பார்வை என்று கண்ணாடியும் போட்டுவிட்டார்கள்.

எங்கள் கண் நரம்பியல் டாக்டர் ஒரு டார்ச்சோடு வந்தார். வெளிப்பக்கம் பார்க்கச் சொன்னார்; விழி போகவில்லை, உள்ளே திரும்பியது. அப்போது பாப்பாவைப் பார்க்கச் சொல்லி என்னையும் கூப்பிட்டார். சிறு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. நரம்பு செயலிழந்திருந்தால் பாப்பா அப்படிச் சுருங்க வேண்டியதில்லை. பிறகு ஒரு கண்ணைக் கையால் மூடிவிட்டு, மற்ற கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். அதே விழி கடைசி வரைக்கும் வெளிப்பக்கம் போனது. அந்த இளைஞருடைய அப்பாவுக்கு மூச்சு வந்தது.

எங்கள் பதிவிலும் இது தனியாகத் தெரியும். சாதாரணமாகப் பக்கவாட்டில் பார்த்தால் இரு கடைக்கண் எலக்ட்ரோடுகளும் எதிரெதிராக எழுதும். இரண்டு விழியும் மூக்குப் பக்கம் சேர்ந்தால் இரண்டு கோடும் ஒரே திசையில் போகும். கண் அசைவு எப்போதும் எதிரெதிராகத்தான் வரும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே ஏமாந்து, மூளை அலை என்று எழுதிவிடலாம். வீடியோவைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

விழி இரண்டும் மிக வேகமாக நடுங்குகிற ஒரு வகையும் உண்டு. மாத்திரையால் வருகிற துள்ளலில் ஒரு மெதுவான நழுவலும் ஒரு வேகமான துள்ளலும் மாறி மாறி வரும். இதில் எல்லாமே வேகம், இடைவெளியே இராது. ஆனால் சில விநாடிகளுக்கு மேல் தாங்காது, கண் களைத்துவிடும். வேண்டுமென்றே இதைச் செய்துகாட்டக் கூடியவர்களும் நம்மிடையே கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அதனாலேயே 'பாசாங்கு' என்ற குற்றச்சாட்டு இதற்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

பாசாங்கு என்று சொல்வதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. கண் அசைவு பாதி நம் இஷ்டம், பாதி நம்மைக் கேட்காமல் நடப்பது. இமைப்பதை யாரும் நினைத்துச் செய்வதில்லை. ஆனால் நினைத்தும் செய்யலாம். வலிப்பு நோயோடு வாழ்கிறவருக்குத் தன் உடம்பின் மேல் ஒரு ஓயாத கவனம் இருக்கும். வயிற்றில் லேசாக ஏதோ ஏறினால் போதும், வந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வலிப்பு எப்படி வரும் என்பதை அந்த உடம்பு ஏற்கெனவே அறியும். அந்தப் பயத்திலேயே, வலிப்பே இல்லாமல், உடம்பு அந்தப் பாதையில் இறங்கிவிடுகிறது. கவனம் வேறு எதிலாவது திரும்பினால் விழி இறங்கிவிடும்; அதைப் பார்த்துவிட்டுத்தான் 'பாரு, நல்லாத்தான இருக்கா' என்கிறார்கள். அது நடிப்புக்குச் சாட்சி இல்லை. நரம்பு முறியவில்லை என்பதற்கும், திரும்பி வர வழி இருக்கிறது என்பதற்கும்தான் சாட்சி. கேட்கிறது, கண் திறக்க முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரவை வரவழைக்க, வெறும் உப்புத் தண்ணீரை ஊசியில் போட்டு 'இதனால் வலிப்பு வரும்' என்று சொல்லுகிற வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மினுக்கு விளக்கைப் போடும்போதும் மூச்சை இழுத்து விடச் சொல்லும்போதும், 'இதில் சிலருக்கு வரலாம், வந்தால் பதிவு செய்துகொள்வோம்' என்று உள்ளதைச் சொன்னாலே பலருக்கு வந்துவிடுகிறது. பிறகு நோயைப் பற்றி நாம் சொல்லப்போவதை அவர் நம்ப வேண்டுமே.

அந்தப் பெண்ணுக்குத் தலைமை டாக்டர் விளக்கிச் சொன்னபோது நானும் இருந்தேன். இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். "இது வலிப்பு. இதுக்கு மாத்திரை வேணும், நிறுத்தவே கூடாது. இது வலிப்பு இல்ல, ஆனா இதுவும் நிஜம். இதுக்கு மாத்திரையக் கூட்டினா நீ தள்ளாடுவ, வேற ஒண்ணும் ஆகாது" என்றார். ஆல்பா அலையைத் தொட்டுக் காட்டி, "இந்த நேரத்துல உன் மூள முழிச்சிருக்கு" என்றார். அம்மா, "அப்ப கல்யாணத்துக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். வலிப்பைத் திருமணத் தடையாகச் சொல்லியிருந்த வரியை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். வீடுகளில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

மனநல ஆலோசகரிடம் தொடர்ந்து போனாள். வரவு வரப்போகிறது என்று தோன்றும்போது கண்ணை மூடாமல், அறையில் தெரிகிற பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரப் பழக்கினார்கள். இந்தச் சிகிச்சையைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. வலிப்பல்லாத இந்த வரவுகள் உள்ள 368 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மாதாந்தர வரவுகளின் எண்ணிக்கை மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கு இருந்த இடைஞ்சல் குறைந்தது, மனக்கலக்கம் குறைந்தது. எங்கள் பெண்ணுக்கும் வரவு அடியோடு நிற்கவில்லை. அம்மா ஒரு நோட்டில் நீல மையில் ஃபங்ஷனல் வரவும் சிவப்பு மையில் வலிப்புமாகக் குறித்துக்கொண்டு வந்தார். மாத்திரையை மாற்றும்போது டாக்டர் சிவப்பை மட்டும் எண்ணினார். அவள் படிப்பை முடித்தாள்.

வீடியோ இ.இ.ஜி. வார்டு எல்லா ஊரிலும் இல்லை. 2002-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், ஃபங்ஷனல் வரவு சரியாகக் கண்டறியப்படச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை ஆண்டும் பலருக்கு வலிப்பு மாத்திரைதான். இன்றைக்கு எல்லாக் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆனால் கொண்டுவந்து காட்டுகிற படங்களில் பெரும்பாலும் கை கால்தான் இருக்கிறது. அல்லது சாவியை எடுத்துக் கொடுக்க ஓடுகிறவருடைய முதுகு. ஆகவே வீட்டாரிடம் இப்படிச் சொல்லி அனுப்புகிறேன். முதலில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் அடிபடுகிற பொருளை எடுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொருவர் படம் எடுக்கட்டும். லைட்டைப் போட்டுவிட்டு, ஆரம்பத்திலிருந்தே, முகம் தெரிய எடுக்கட்டும். இமையை முரட்டுத்தனமாகத் திறக்க வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வரவு நின்ற பிறகும் ஓரிரு நிமிடம் படத்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் இரண்டு விதமாக வருகிறது என்றால், இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.